ஃபுல் கட் அடித்தால் சத்தம்: பிக்கப் ஸ்டீயரிங் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இம்முறை பிக்கப் வண்டிகளின் ஸ்டீயரிங் சத்தம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இனி எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சத்தம் வருது" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ஜினை அணைத்துவிட்டுத் திருப்பினாலும் வருகிறதா, நின்ற இடத்திலா ஓடும்போதா, ஒரு பக்கம் திருப்பினால் மட்டுமா, லோடோடா காலியாகவா, காலை முதல் ஸ்டார்ட்டிலா சூடான பிறகா என்பதையும் எழுதுங்கள். பட்டறைக்குப் போனாலும் இதையே சொல்லுங்கள். இந்த விவரம் இல்லாவிட்டால் மெக்கானிக் ஊகத்தில் ஒரு சாமானை மாற்றுவார், சத்தம் போகாது, அடுத்த சாமானுக்குப் போவார். காசு உங்களுடையது.

கேள்வி: ஏனுங்க, கொப்பரை லோடு அடிக்கிற வண்டிங்க. காலையில களத்துல ரிவர்ஸ் எடுத்து ஃபுல் கட் அடிச்சா (ஸ்டீயரிங்கை ஒரு கோடி வரைக்கும் திருப்புனா), கன்னுக்குட்டி கத்துற மாதிரி 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். கொஞ்ச தூரம் ஓடுனதும் கொறஞ்சு போகுது. டப்பாவுல ஆயில் சரியாத்தான் இருக்குது. பம்பு போச்சு, மாத்தோணும்ங்கறாங்க. மாத்திரலாமுங்களா?
– காங்கேயம் வாசகர்

பதில்: பவர் ஸ்டீயரிங் பம்பை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பை, இப்போது தொடாதீர்கள். காலையில் கத்தி, சூடானதும் அடங்குகிற முனகல் பெரும்பாலும் ஆயிலில் கலந்த காற்றால் வருவது.

ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைப் பாருங்கள். அது பம்பு உறிஞ்சுகிற பக்கம். அங்கே அழுத்தம் கிடையாது. என்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அந்த ரப்பர் விறைத்துவிட்டால், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் நுனியில் பிடிப்பு இருக்காது. அந்த இடத்தில் ஆயில் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். அதனால்தான் டப்பாவில் அளவு குறையவில்லை, தரையில் சொட்டும் இல்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் பம்பு இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. காற்றும் அதிகம் போகிறது. சூடானதும் ஆயில் இளகும், ரப்பரும் கொஞ்சம் இளகிப் பிடித்துக்கொள்ளும், சத்தம் அடங்கும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. என்ஜின் ஐடிலில் ஓடட்டும். டப்பாவின் வெளியே ஆயில் மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். என்ஜினை அணையுங்கள். மட்டம் 5 மி.மீ.க்கு மேல் ஏறினால் ஆயிலில் காற்று இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் நுரையோ, பால் கலந்தாற்போல் வெளுத்த நிறமோ தெரியும். உள்ளே தண்ணீர் போயிருந்தாலும் ஆயில் இப்படி வெளுக்கும்; வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் ஆரம்பித்த சத்தமென்றால் மூடியின் வாஷரையும் பாருங்கள்.

ஹோஸை மாற்றும்போது ஆயிலுக்கென்று வரும் ஹோஸையே அதே உள்விட்டத்தில் வாங்குங்கள். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் சில மாதத்தில் உள்பக்கம் உரிந்து, அந்தத் துணுக்குகள் பம்புக்குள் போகும். கையோடு டப்பாவின் அடியில் உள்ள வலையையும் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் இதே முனகல்தான் வரும். பல வண்டிகளில் வலை தனியாகக் கழலாது, டப்பாவோடுதான் மாற்ற வேண்டும். விலை பம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிறகு காற்று எடுக்க வேண்டும். இதை அவசரத்தில் செய்கிறவர்கள்தான் "ஹோஸ் மாத்தியும் போகலீங்க" என்று திரும்ப வருகிறார்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; இரண்டு முன்சக்கரமும் தரையைத் தொடக் கூடாது. டப்பாவில் குளிர்ந்த நிலைக்கான கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு தடவை டப்பா காலியாக விட்டாலும் மொத்த வேலையும் முதலிலிருந்துதான். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்து, ஐடிலில் வைத்து மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். அப்போதும் நுரை இருந்தால் என்ஜினை அணைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். எடுத்த எடுப்பில் என்ஜினை ஓடவிட்டுத் திருப்பினால் பம்பு அந்தக் காற்றை ஆயிலோடு அடித்து நுரையாக்கிவிடும். அது இறங்க வெகுநேரம் பிடிக்கும்.

ஆயில் எது என்பதை டப்பா மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ பார்த்து வாங்குங்கள். பல வண்டிகளுக்கு ஏ.டி.எஃப். என்னும் சிவப்பு ஆயில், சிலவற்றுக்கு அந்தக் கம்பெனியின் தனி ஆயில். பிரேக் ஆயிலை மட்டும் ஒரு சொட்டுகூட ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிப்போய், பம்போடு ஸ்டீயரிங் பாக்ஸும் (ஸ்டீயரிங் சுற்றைச் சக்கரத் திருப்பமாக மாற்றும் பல் பெட்டி) சேர்ந்து ஒழுக ஆரம்பிக்கும்.

இவ்வளவும் செய்த பின், நேராக ஓடும்போதும் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப முனகல் ஏறி இறங்கினால், ஆயிலும் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால், அப்போது பம்பு. ஃபுல் கட்டில் கோடிவரை போய் முட்டும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று வருவது கோளாறு அல்ல. அது அழுத்தம் எல்லை மீறாமல் வால்வு திறக்கும் சத்தம். அங்கே 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்.

கேள்வி: சத்தியிலிருந்து திம்பம் ஏறி தாளவாடி போயி காய்கறி ஏத்திட்டு வர்றோம். மலையில வளைவுக்கு வளைவு 'கீச்'னு கத்துது, ஸ்டீயரிங் கெட்டியாகுது. மேல போயி பார்த்தா டப்பா மூடியில ஆயில் பொங்கி வழிஞ்சிருக்குது. ரெண்டும் ஒரே கோளாறுங்களா?
– சத்தியமங்கலம் வாசகர்

பதில்: இரண்டும் தனித்தனி. ஆனால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும்.

'கீச்' பெல்ட் வழுக்கும் சத்தம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் குறைந்த வேகத்தில், முழு லோடில், ஃபுல் கட். பம்பு பெல்ட்டிடம் அதிக பலம் கேட்பது அந்த நொடியில்தான். வீ பெல்ட்டாக இருந்தால் இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். சுமார் 10 மி.மீ. தணிய வேண்டும். அதைவிட அதிகம் தணிந்தால் தளர்வு. இறுக்கியும் கத்துகிறதென்றால் பெல்ட்டைக் கழற்றிப் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்ற வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வீ பெல்ட் பிடிப்பது அதன் இரு பக்கவாட்டில்தான். தேய்ந்து மெலிந்த பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். புல்லியின் அடிப்பகுதி மினுங்கினால் அதுதான் நடந்திருக்கிறது.

வரிவரியாக இருக்கும் பட்டை பெல்ட் என்றால், என்ஜின் ஐடிலில் ஓடும்போது எட்ட நின்று வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லி) பாருங்கள். நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. துண்டு, சட்டை நுனி, வளையல் எதுவும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, பவுடர் போடுவது எல்லாம் அன்றைக்கு மட்டும்தான் உதவும். கம்பிபோல் முறுக்கி இறுக்குவதும் வேண்டாம். பம்பு பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் போகும்.

பொங்கி வழிவதற்குக் காரணம், குளிர்ந்திருக்கும்போதே சூட்டுக் கோடு வரை ஊற்றிவிடுவது. சூட்டில் ஆயில் விரிய இடம் இல்லை. அடுத்த காரணம், ஃபுல் கட்டில் முட்ட வைத்தபடியே வளைவு முழுக்க ஏறுவது. முட்டிய பிறகு ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை திருப்பி விடுங்கள்; வண்டி அதே வளைவில்தான் திரும்பும், வால்வு மூடிக்கொள்ளும், ஆயில் வேகாது. வழிந்த ஆயில் பெல்ட்டில் பட்டால் கீச் இன்னும் மோசமாகும். ஆயில் கருத்துத் தீய்ந்த வாசம் அடித்தால் முழுவதும் மாற்றுங்கள்: டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, சக்கரங்களைத் தூக்கி வைத்து, என்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிப் பழையதை வெளியேற்றுங்கள். மேலே புதியது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமான நிறம் வரும்வரை என்றால் 2 லிட்டர் கையில் இருப்பது நல்லது. முடித்ததும் முந்தைய பதிலில் சொன்னபடி காற்றும் எடுக்க வேண்டும்.

கேள்வி: முட்டை லோடு வண்டி. மோசமான ரோட்டுல போனா ஸ்டீயரிங்குல 'டொக் டொக்'னு கைக்கே தெரியுது. டை ராடு எண்டு ரெண்டும் மாத்தியாச்சு. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துருச்சுங்க.
– நாமக்கல் வாசகர்

பதில்: ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி வந்தது என்று நீங்கள் எழுதியது முக்கியமான தடயம். புது எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் உள்ள மூட்டு) சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

டை ராடு எண்டின் தண்டு கூம்பு வடிவம். அது உட்காரும் துளையும் கூம்பு. அந்த இரண்டு முகமும் காய்ந்து, சுத்தமாக, முழுதாக ஒட்ட வேண்டும். பெயிண்ட், மண், கிரீஸ் ஏதாவது நடுவில் இருந்தால் அப்போதைக்கு இறுகியதுபோல் தெரிந்து, ஓட ஓட நசுங்கித் தளரும். பழைய எண்டு தளர்ந்த நிலையிலேயே வெகுநாள் ஓடியிருந்தால் துளையே முட்டை வடிவத்துக்கு அகன்றிருக்கும். அப்படியானால் அந்தத் துளை உள்ள ஸ்டீயரிங் ஆர்மையும் மாற்றித்தான் ஆக வேண்டும். துளைக்குள் தகரம் சுற்றி வைத்து இறுக்கித் தருகிற வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் உங்கள் கையில் இல்லை.

நட்டைச் சரியான அளவு இறுக்கியும், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் துளை நேர்படவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும். பின் நுழையட்டும் என்று நட்டைத் தளர்த்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள்.

இது சரியாக இருந்தால் மீதி மூட்டுகளைத் தேட வேண்டும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். என்ஜின் அணைந்திருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடம் வலமாகக் கொஞ்சமே கொஞ்சம், விட்டு விட்டு ஆட்டட்டும். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டின் மீதும் உள்ளங்கையை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும்: மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து, ஒரு கணம் கழித்து மறுபக்கம் நகரும். சக்கரப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். டை ராடு எண்டு, பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கின் இரண்டு முனை, அதை அசைக்கும் டிராப் ஆர்ம், அதன் பெரிய நட்டு. பிறகு ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸோடு சேரும் போல்ட்டுகள். இந்தக் கடைசி இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. பாக்ஸே சேஸிஸில் அசைந்தால் போல்ட்டைச் சுற்றிச் செந்தூள் படிந்திருக்கும், அல்லது இரும்பு தேய்ந்து மினுங்கும். போல்ட்டை இறுக்குவதோடு சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

அதற்கும் மேலே, கேபினுக்குள்ளிருந்து பாக்ஸுக்கு வரும் தண்டில் உள்ள கிராஸ் ஜாயிண்ட். அதில் ஆட்டம் இருந்தால் டொக் என்பது காலுக்கடியில் கேட்கும். துருப்பிடித்து இறுகியிருந்தால் வேறு குணம் காட்டும்: ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இரண்டு இடத்தில் கெட்டியாகி, நடுவில் லேசாகும். கழற்றும் முன் தண்டிலும் முட்கவையிலும் பெயிண்டால் குறி வையுங்கள். மாற்றிக் கோத்தால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், சுற்றும்போது சீராகவும் வராது.

பாக்ஸுக்குப் பதிலாக ரேக் (இடம் வலமாக நகரும் பல் தண்டு) இருக்கும் சிறு வண்டியென்றால், ரேக்கின் இரு கோடியிலும் உள்ள மடிப்பு ரப்பரை அமுக்கி, உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பிடித்துப் பாருங்கள். அந்த ரப்பர் கிழிந்திருந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போயிருக்கும். ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தளர்ந்தாலும் இதே டொக் வரும்.

நிற்கும்போது எதுவுமே ஆடவில்லை, ரோட்டில் மட்டும் வருகிறதென்றால் அது பெரும்பாலும் ஸ்டீயரிங் அல்ல. ஷாக் அப்சார்பர் புஷ், பட்டை ஸ்பிரிங்கின் சேக்கிள் புஷ், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். எண்டு மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் முன் டயரைத் தடவிப் பாருங்கள், தேய்மானம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும்.

கேள்வி: வாய்க்கா கரையில, இட்டேரியில எல்லாம் போற வண்டிங்க. மெதுவா திருப்பும்போது கதவு கீல் மாதிரி 'க்ரீர்ர்'ங்குது. என்ஜினை அணைச்சுட்டுத் திருப்புனாலும் வருது. கிரீஸ் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறோம்.
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: என்ஜின் அணைந்தும் வருவதால் பம்பையும் பெல்ட்டையும் மறந்துவிடலாம். முன்பக்கம் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டியென்றால் கிங் பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் தண்டு) காய்ந்திருக்கிறது.

கிரீஸ் அடிக்கிறோம் என்கிறீர்கள். எப்படி அடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சக்கரம் தரையில் நிற்கும்போது வண்டியின் எடை முழுவதும் கிங் பின்னின் திரஸ்ட் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த முகங்களுக்கு நடுவே கிரீஸ் நுழைய வழி இல்லை. கிரீஸ் கன்னிலிருந்து வருவது எளிதான பக்கமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். பார்த்தால் அடித்ததுபோலத் தெரியும், உள்ளே வறட்சி. ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கன்னை அழுத்த வேண்டும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டின் ஓரத்திலும் பழைய கருத்த கிரீஸ் வெளியே வந்து, பின்னால் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். கிரீஸ் ஏறும் முனையான நிப்பிள் ஒன்றில் ஏறவே இல்லையென்றால் அதைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப் பாருங்கள், அல்லது புதியது போடுங்கள். உங்கள் வண்டி ஓடும் தடத்துக்கு, கையேட்டில் இருக்கும் கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் மாதம் ஒரு தடவையும், சேற்றில் இறங்கி ஏறிய பிறகும் அடிப்பது நல்லது.

அதே ஜாக்கியில் வைத்தபடி தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆடினால், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். பேரிங்தான் என்றால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் தளர்த்தி, ஆட்டம் இல்லாமலும் சுலபமாகச் சுற்றும்படியும் வைத்துப் புது ஸ்பிளிட் பின் போடுங்கள்.

கிங் பின் தேய்ந்திருந்தால் பின், புஷ், திரஸ்ட் பேரிங், ஷிம் சேர்ந்த செட்டாக இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பழைய பின்னுக்குப் புது புஷ் மட்டும் போட்டால் சீக்கிரமே திரும்ப வரும். புஷ் அடிக்கும்போது அதிலுள்ள துளை, நிப்பிள் துளைக்கு நேராக நிற்கிறதா என்று லேத்துப் பட்டறையிலேயே பார்த்து வாங்குங்கள். நேராக இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கும் கிரீஸ் பின்னைத் தொடவே தொடாது. புஷ்ஷை ரீமர் விட்டுத்தான் அளவு செய்ய வேண்டும், எமரி தாளால் தேய்த்து அல்ல. கோத்த பிறகு கை பலத்தில், சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சில் சீராகத் திரும்ப வேண்டும்.

வாட்டர் சர்வீஸில் அடியெல்லாம் டீசல் பீய்ச்சுவதும் இங்கே வழக்கமாக இருக்கிறது. இரண்டு நாள் சத்தம் அடங்கும். டீசல் கிரீஸைக் கரைத்துவிடும், சேக்கிள் ரப்பர் புஷ்களை ஊதவைத்துப் பிய்க்கும். ரப்பர் புஷ் கீச்சிட்டால் சிலிக்கான் ஸ்பிரே போதும்.

கேள்வி: பனியன் துணி பேல் ஏத்தற பிக்கப். திருப்பும்போது 'டிக் டிக்'னு வருது. முன்னாடி சி.வி. ஜாயிண்ட் போச்சுன்னு சொல்றாங்க. எவ்வளவு ஆகுமுங்க?
– திருப்பூர் வாசகர்

பதில்: ஒன்றும் ஆகாது, ஏனென்றால் உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பில்லை. நம் பக்கம் ஓடும் சரக்கு பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்சக்கரத்தில் இழுப்பவை. சி.வி. ஜாயிண்ட் என்பது என்ஜின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இழுவைத் தண்டின் மூட்டு; இந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு அந்தத் தண்டே கிடையாது. இசுசூ வி-கிராஸ் நான்கு சக்கர இழுவை மாடல் போன்றவற்றில்தான் முன்னால் சி.வி. ஜாயிண்ட் உண்டு. அடியில் குனிந்து பாருங்கள்: முன்சக்கரத்துக்குள் தண்டு எதுவும் போகவில்லையென்றால் பேச்சு முடிந்தது. டிக் சத்தத்துக்கு முதலில் சக்கர நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், டயர் வரிகளில் சிக்கிய கல்லை எடுங்கள், பிரேக் பேடின் கிளிப் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு வீல் பேரிங்.

கேள்வி: ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளேயே 'கறகற'ங்குது. திருப்புறப்ப ஒரு இடத்துல ஹாரனும் தானா அடிக்குது.
– கரூர் வாசகர்

பதில்: ஹாரன் தொடும் வட்டத் தகடு தேய்ந்து காய்ந்திருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நடு மூடியை எடுத்து, தகட்டைத் துணியால் துடைத்து, மெலிதாக வாசலின் தடவுங்கள். வளைந்திருக்கும் தொடுமுனையை நேராக்குங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே சுருள் கேபிள் ஒன்று உண்டு, அது அறுந்தாலும் இப்படி உரசும். ஏர்பேக் விளக்கும் எரியும். அதைத் தெரிந்த பட்டறையில் விடுங்கள்.

கேள்வி: டாடா இன்ட்ரா வெச்சிருக்கறேன், பிராய்லர் கோழி லோடு. நின்ன எடத்துல திருப்புனா மெல்லிசா 'உய்ங்'குது. ஆயில் எங்க ஊத்தறதுன்னே தெரியல.
– பல்லடம் வாசகர்

பதில்: ஊற்ற இடம் கிடையாது. உங்களுடையது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங், மோட்டார்தான் தள்ளுகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது வரும் மெல்லிய ஓசை அந்த மோட்டாருடையது, இயல்புதான். ஓசை கூடி, ஸ்டீயரிங் கெட்டியாகி, டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கும் எரிந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். என்ஜின் அணைந்து ஓய்ந்த நிலையில் 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் இருக்க வேண்டும். டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி இறுக்குங்கள். சேஸிஸில் சேரும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். கோழிப் பெட்டி கழுவும்போது பிரஷர் தண்ணீர் முன்பக்கம் கனெக்டர்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றபடியே பல தடவை கட் அடித்தால் மோட்டார் சூடாகித் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். சற்று ஆறவிட்டால் பழையபடி வரும்.

கேள்வி: தேங்கா லோடுக்காக பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை ரெண்டு போட்டோம். முன்னாடியும் ஒண்ணு. அதுலேருந்து ஃபுல் கட்டுல 'பர்ர்'னு உரசுது, வளைவு முடிஞ்சா ஸ்டீயரிங் தானா திரும்ப மாட்டேங்குது.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: பின்பக்கம் உயர்ந்தால் வண்டி மூக்கைக் கீழே போடும். முன் ஆக்சில் அதோடு சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து, காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். முழு ஆக்சில் வண்டியில் அலைன்மென்ட் கடையில் கூட்டிக் குறைக்க முடிவது டோ அளவு (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு) மட்டும்தான். ஆகவே அங்கே எவ்வளவு கொடுத்தாலும் இது சரியாகாது. பட்டையைக் கழற்றுங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதற்காகப் பட்டை போட்டால் பிரேக்கும், டயரும், ஸ்டீயரிங் மூட்டுகளும் அந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

உரசலுக்கு, டயரின் உள்பக்கத்திலும் பட்டையின் விளிம்பிலும் தேய்ந்து மினுங்கும் தழும்பைத் தேடுங்கள். பட்டை வேலையில் யூ போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் தன் குழியில் உட்காராமல் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் இப்படி உரசும். இரண்டு பக்கமும் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். அளவு சரியாக இருந்தால் ஸ்டப் ஆக்சிலில் உள்ள ஸ்டாப் போல்ட்டைப் பாருங்கள். அது உள்ளே போயிருந்தாலும் சக்கரம் அளவுக்கு மீறித் திரும்பும். யூ போல்ட்டைத் தொட்ட வேலை எதுவானாலும் 500 கி.மீ. ஓடியதும், லோடோடு நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டீயரிங்குல ஆட்டம் நெறய இருக்குது, டொக்குனு அடிக்குது. பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவை டைட் பண்ணுனா போயிரும்ங்கறாங்க. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேற வருதுங்க. பண்ணலாமுங்களா?
– ஈரோடு வாசகர்

பதில்: மூட்டுகளை எல்லாம் பார்த்து முடிக்காமல் அந்த ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். என்ஜின் ஓடும்போது, சக்கரம் நேராக நிற்க, சக்கரம் அசைய ஆரம்பிக்கும்வரை ஸ்டீயரிங் வளையத்தின் ஓரம் எவ்வளவு சும்மா நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். 30 மி.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி டை ராடு எண்டிலும் டிராக் லிங்கிலும் கிராஸிலும் இருந்து வருவதுதான் வழக்கம். நாமக்கல் வாசகருக்குச் சொன்ன சோதனையை அப்படியே செய்யுங்கள்.

பாக்ஸின் பல் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடுப்பகுதியில். கோடிகளில் தேய்மானம் குறைவு. ஆட்டம் முழுதும் போகும்வரை ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவில் சரியாகி, திருப்பும்போது பல்லோடு பல் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்து ஸ்டீயரிங் திரும்பாது. உள்ளே பந்துத் தடம் குழிவிழும். சரிசெய்யத்தான் வேண்டுமென்றால் டிராக் லிங்கைக் கழற்றி, பாக்ஸை நடுவில் நிறுத்தி, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, கோடிக்குக் கோடி சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் உடனே பழைய இடத்துக்கு விடுங்கள். அந்த அளவிலும் ஆட்டம் போகவில்லையென்றால் பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி ஸ்டீயரிங் பாக்ஸ் வேலையே செய்கிற பட்டறைகளில் கொடுங்கள். எஃப்.சி.க்குப் போகும் முன் டை ராடு எண்டின் ரப்பர் மூடிகள் கிழியாமல் இருக்கிறதா, எல்லா நட்டிலும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா, பாக்ஸில் ஆயில் கசிவு துடைத்த பிறகும் மறுநாள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.